பொய்க் கடிகாரத்தின் சாட்சி

அத்தியாயம் 3

மின்சாரத்தைத் துண்டிக்க வந்த கிளைவ், கையில் குறடுடன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் அவன் கைவைக்க வேண்டிய மீட்டர் பெட்டிக்கும் நடுவே ஒரு சமையலறை நாற்காலி போடப்பட்டிருந்தது. நாற்காலியில் சென்சா ஷெம்ப்ரி அமர்ந்திருந்தாள். அறுபத்தாறு வயது, பூப்போட்ட ஏப்ரன், மடியில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய். குழாயின் வாய் கிளைவின் மார்பை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய ஹோல்டன் காரிலிருந்து இருவர் இறங்கி வருவதைக் கண்டதும் கிளைவின் முகத்தில் நம்பிக்கை துளிர்த்தது.

"கரண்டும் தண்ணியும் ஒத்துப்போகாதுன்னு இந்த அம்மாகிட்ட யாராவது சொல்லுங்களேன்!"

"அவங்களுக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுதான் குழாயை எடுத்திருக்காங்க," என்றான் செஃபோ.

செஃபோவுக்கு ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். சமோவாவிலிருந்து மெல்போர்னுக்கு வந்தவன், சில ஆண்டுகள் இரவு விடுதி ஒன்றின் வாசலில் நின்று குடிகாரர்களைத் தூக்கி வெளியே வைத்தவன். இப்போது ஃபுட்ஸ்கிரேயில், ஒரு சலவைக்கடையின் மாடியில், பெர்னி என்கிற பெர்னடெட் காக்லனின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். தொழில் மாறியதே தவிர வாய் மாறவில்லை.

சென்சா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மகனே, நீ வெட்ட வந்தவனோட ஆளா, இல்ல நேத்து போன்ல பேசின துப்பறியுற பொண்ணோட ஆளா?"

"பொண்ணோட ஆள்தான்மா. குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கமே வெச்சுக்கோங்க. இது என்னோட ஒரே நல்ல சட்டை."

கூட வந்த பெர்னி முன்னால் வந்தாள். நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, கிளைவிடமிருந்த உத்தரவுத் தாளை வாங்கிப் படித்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் காவல்துறையில் இருந்தவள் அவள். ஒரு தாளில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பதையே அதிக நேரம் வாசிப்பவள்.

"வீட்டுல உயிர் காக்குற மிஷின் இருக்குங்கிற மருத்துவக் குறி இல்லையே?" என்றாள்.

"இல்லம்மா. அதான் வந்தேன். குறி இருந்தா இந்தத் தெருவுக்குள்ளயே வண்டியைத் திருப்பியிருக்க மாட்டேன்." கிளைவ் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "உள்ள வீட்டுக்காரருக்கு மிஷின் ஓடுதுன்னு இவங்க சொல்றாங்க. ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டா, 'இவங்க கரண்டு வாங்குற பிரைட்ஹேவன் கம்பெனியில அப்படிப் பதிவே கிடையாது, போன வேலையை முடி'ங்கிறான். நான் என்ன பண்ண? உயிர் காக்குற மிஷின்னு சொல்லி எனக்கு மீன் தொட்டியைக் காட்டின ஆளுங்களும் உண்டு."

"நான் பிரைட்ஹேவன் கம்பெனியே கிடையாது!" சென்சாவின் குரல் வேலிக்கு அப்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வியட்நாமிய அண்டை வீட்டாரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. "யாரைக் கேட்டு செப்டம்பர்ல என்னை அங்க மாத்தினான்? அவன் பேர்ல வந்த ஒவ்வொரு பில்லையும் 'இது என்னோடது இல்ல'ன்னு எழுதித் திருப்பி அனுப்பினேன். பழைய கம்பெனிக்குக் கட்டப் போனா, 'நீங்க இப்ப எங்க வாடிக்கையாளரே இல்ல'ங்கிறான். நான் எங்கயும் போகல, மகளே. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன்!"

அது கண்கூடு.

"புகார் கொடுத்தீங்களா?" என்றாள் பெர்னி.

"கொடுக்கப் போனேன். முதல் கேள்வியே 'உங்க மின்சாரக் கம்பெனி எது?' பிரைட்ஹேவன்னு எழுதுன்னாங்க. நான் எப்படி எழுதுவேன்? எழுதினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

"மிஷினையாவது அந்தக் கம்பெனியில பதிஞ்சு வெச்சிருக்கலாமேம்மா?" என்று கேட்டான் செஃபோ.

குழாயின் வாய் அவன் பக்கம் திரும்பியது. "அதுவும் அதேதானே, மகனே?"

அந்தப் பிடிவாதத்தில் ஒரு கணக்கு இருந்தது. கணவனின் இயந்திரத்தைப் பாதுகாக்க வேண்டுமானால், தான் சேராத இடத்தில் சேர்ந்ததாக அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள மறுத்தால் பாதுகாப்பு இல்லை. அவளைத் திருடியவர்கள் கதவை அப்படி அமைத்திருந்தார்கள். அவள் அந்தக் கதவில் நுழையாமல், சுவரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள்ளே மணி அடித்தது. கனமான, தொண்டை கட்டிய மணி. ஐந்து முறை.

"அஞ்சா?" செஃபோ கையைத் தட்டினான். "பெர்னி, என் வேலை நேரம் முடிஞ்சுது. நான் கிளம்பறேன்."

பெர்னியின் கைக்கடிகாரத்தில் காலை மணி பத்துதான் ஆகியிருந்தது.

*

வாசலிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் செஃபோ சமையலறைக்குள் நுழைந்தான். நேனு ஷெம்ப்ரி ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் மாட்டுத் தொடைகளைத் தோளில் சுமந்தவர். இப்போது அந்தத் தோள்களின் எலும்பு மட்டுமே சட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், ஆள் உயரத்துக்கு, வெள்ளை நிறத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவருடைய இரத்தம் முழுவதும் அதற்குள் போய்த் திரும்பி வர வேண்டும். இன்று அந்த நாள்.

"ஆஸ்பத்திரியில போய்ப் பண்ணிக்க முடியாதா?" என்று பெர்னி மெதுவாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைதான் இடம் இருக்காம்," என்றார் நேனு. "என் ரத்தத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இருந்தாலும் நான் போகமாட்டேன். என் வீட்டுல நான் சாகணுமா வேணாமான்னு கரண்டு விக்கிறவன் முடிவு பண்ணக் கூடாது."

அதற்குள் செஃபோவின் பார்வை சுவருக்குப் போயிருந்தது. அங்கே இரண்டு கடிகாரங்கள். ஒன்று பிளாஸ்டிக், சத்தமில்லாதது; மணி பத்தைத் தாண்டிச் சில நிமிடம் என்றது. மற்றது மரத்தாலானது, மால்டா தீவிலிருந்து கப்பலில் வந்தது. ஐந்தைத் தாண்டிச் சில நிமிடம் என்றது. உதவி செய்யும் எண்ணத்தோடு அவன் மரக் கடிகாரத்தின் முள்ளை நோக்கிக் கையை நீட்டினான்.

பளாரென்று ஓர் அடி மணிக்கட்டில் விழுந்தது.

"தொடாதே!" பின்னாலேயே வந்திருந்தாள் சென்சா. குழாயைக் காவலுக்கு அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்திருந்தாள். "அது தப்பாத்தான் ஓடணும்."

"தப்பா ஓடுறதுக்கு ஒரு கடிகாரமாம்மா? என்கிட்ட இருக்குற எல்லாமே அப்படித்தான் ஓடுது. யாரும் சுவத்துல மாட்டினதில்ல."

"எங்க ஊர்க் கோயில்கள்ல ரெண்டு கடிகாரம் இருக்கும். ஒண்ணு மனுஷனுக்கு, ஒண்ணு பிசாசுக்கு. பிசாசு ஆத்மாவைத் தூக்கிட்டுப் போக வர்றப்ப பொய்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் தவறிடுவான். என் வீட்டுலயும் அப்படித்தான். ஏதாவது கெட்டது வந்தா முள்ளை நகர்த்தி வெச்சுடுவேன். இல்லன்னா பிசாசுக்குப் பழகிடும்ல?"

"கடைசியா எப்ப நகர்த்துனீங்க?" இதைக் கேட்டது பெர்னி.

"இந்த மிஷின் வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு. பாரு."

குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒரு புகைப்படம் ஒட்டப்பட்டிருந்தது. நேனு முதன்முதலாக வீட்டில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டபோது செவிலி எடுத்தது. உலகத்தின்மேல் வழக்குத் தொடுக்கப் போகிறவர்போல் அவர் முறைத்துக்கொண்டிருந்தார். படத்தின் மூலையில் ஜூலை மாதத் தேதி ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தது. பெர்னி அதைக் காந்தத்தோடு சேர்த்து எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஒட்டினாள்.

வெளியே வந்ததும் கிளைவிடம் கேட்டாள்: "எப்ப சாப்பிடப் போவீங்க?"

"பன்னெண்டு மணிக்கு."

"இப்பவே போனா என்ன? ஸ்டேஷன் பக்கத்துல மால்டாக்காரர் கடையில பாலாடைக்கட்டி அடைச்ச பஸ்தீட்சி பலகாரம் சூடா இருக்கும்."

கிளைவ் அவளைப் பார்த்தான். நாற்காலியில் திரும்பவும் வந்து அமர்ந்துவிட்ட கிழவியைப் பார்த்தான். குறடைப் பைக்குள் போட்டான். "மெதுவா மென்னு சாப்பிடுற பழக்கம் எனக்கு. பன்னெண்டுக்குத் திரும்பி வருவேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா."

*

"எனக்கு ஒண்ணு புரியல பெர்னி," காரில் இருக்கையைப் பின்னால் தள்ளியபடி சொன்னான் செஃபோ. "கம்பி அதே கம்பி. கரண்டு அதே கரண்டு. மீட்டர்கூட அதே மீட்டர். அப்புறம் இவனுங்க எதைத்தான் மாத்துறானுங்க?"

"பேரை. பில் யார் பேர்ல வருதுங்கிறதை. இந்த மாநிலத்துல மளிகைக்கடையை மாத்துற மாதிரி கரண்டு கம்பெனியை மாத்திக்கலாம். ஆனா மாத்துறது நீயா இருக்கணும். விலை இது, நிபந்தனை இதுன்னு தெளிவாச் சொல்லி, புரிஞ்சு சம்மதிச்சேன்னு உன்கிட்ட வாங்கணும். வாங்கினதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கணும். நீ கேட்டா போட்டுக் காட்டணும்."

"பதிவு இல்லன்னா?"

"மாத்தினது செல்லாது. அப்படி ஒண்ணு நடக்காத மாதிரியே பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கணும். பழைய கம்பெனியில மிஷின் பதிவு இருக்கு. அதுவும் சேர்ந்து உயிரோட வந்துடும்."

"பதிவு இருந்தா?"

பெர்னி சிக்னலுக்காகக் காரை நிறுத்தினாள். "இருந்தா, மிசஸ் ஷெம்ப்ரி நம்மகிட்ட பொய் சொல்றாங்கன்னு அர்த்தம்."

அல்ஃப்ரீடா தெருவில், மீன்கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவிலிருந்த மாடிப்படி அவர்களை ராஸ் ஹிக்காட்டின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பிரைட்ஹேவன் கம்பெனிக்கு வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் அவர். வெள்ளைப் பல், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. மருத்துவரின் அறைக்குப் போக வேண்டியவர் வழிதவறிப் பக்கத்து அறையில் உட்கார்ந்துவிட்டார் என்று செஃபோவுக்குத் தோன்றியது.

சென்சா கையெழுத்திட்ட அனுமதியை பெர்னி மேசைமேல் வைத்தாள். "செப்டம்பர்ல வாங்கின ஒப்புதலைக் கேட்கணும்."

மறுப்பார் என்று செஃபோ எதிர்பார்த்தான். தேடிப் பார்க்க வேண்டும், மேலிடத்தைக் கேட்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்ற வகையில் ஏதாவது. ஹிக்காட்டோ புன்னகையோடு கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"தாராளமா. என் பையன் ஒருத்தன் கதவைத் தட்டினான், விளக்கினான், அந்தம்மா சரின்னாங்க. அப்புறம் இங்கேயிருந்து போன் பண்ணி உறுதி பண்ணினோம். காலையில பதினொரு மணி. எல்லாம் விதிப்படி."

"அந்தப் பையனைப் பார்க்கலாமா?"

"பாலித் தீவுக்குப் போயிட்டான். அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறான்."

"கொடுத்து வெச்சவன்," என்றான் செஃபோ. "அங்க எந்தக் கதவுலயும் 'விற்பனையாளர் தட்டாதே'ன்னு ஸ்டிக்கர் இருக்காது."

ஹிக்காட் பொத்தானை அழுத்தினார்.

முதலில் ஓர் இளம்பெண்ணின் தேன் குரல். *உங்கள் பெயர் சொல்லுங்கள்.* அடுத்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல், சென்சா: *சென்சா ஷெம்ப்ரி.* அவள் விலாசத்தைச் சொல்லும்போது பின்னணியில் அந்தத் தொண்டை கட்டிய மணி அடிக்கத் தொடங்கியது. செஃபோ எண்ணினான். பதினொன்று. *பில் உங்கள் பெயரில்தானே வருகிறது? ஆமா. பிரைட்ஹேவனின் விலையும் நிபந்தனையும் புரிந்ததா? ஆமா. மாறுவதற்குச் சம்மதமா?* எங்கோ லாரி ஒன்று பின்னோக்கி நகரும்போது எழுப்புவதுபோல் மூன்று பீப் ஒலிகள். மூன்றாவது பாதியிலேயே அறுந்தது. அப்புறம்: *ஆமா மகளே, சம்மதம்.*

அது அவளேதான். *மகளே* என்ற அந்த விளியை யாராலும் நடிக்க முடியாது.

"அவங்களுக்கு மறந்திருக்கும்," ஹிக்காட் பெருந்தன்மையோடு சொன்னார். "வயசானவங்க. மனசு மாறிக்கத்தான் பத்து வேலைநாள் அவகாசம் கொடுக்குறோமே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நேரம் பதினொண்ணுன்னு பதிவுல எழுதியிருக்கு," பெர்னி திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அது கம்ப்யூட்டர் தானா போட்ட நேரமா, நீங்க எழுதினதா?"

"நான் எழுதினதுதான். ஆனா நான் சொல்றதை நம்பாதீங்க. அவங்க வீட்டுக் கடிகாரத்தையே நம்புங்க. கேட்டீங்கல்ல? பதினொரு அடி." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "கோர்ட்டுக்கே போனாலும் அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. கடிகாரம் பொய் சொல்லாது பாருங்க."

ஏதோ ஒன்று செஃபோவின் மண்டைக்குள் இடறியது. "ஆனா அந்த வீட்டுல—" என்று அவன் தொடங்கினான். பெர்னியின் குதிகால் அவனுடைய கட்டைவிரலின்மேல் ஏறி நின்றது. "—பஸ்தீட்சி ரொம்ப நல்லா இருக்கும்," என்று கண்ணீரோடு முடித்தான்.

"சாட்சி பலமாத்தான் இருக்கு," என்றாள் பெர்னி. தோற்றுப்போனவளின் முகத்தை அவள் இவ்வளவு நேர்த்தியாக அணிந்து செஃபோ பார்த்ததில்லை. "ஒரு உதவி செய்யுங்க மிஸ்டர் ஹிக்காட். அந்தப் பதிவை எடுத்துக்கிட்டு எங்களோட வந்து, அவங்க முன்னாலயே போட்டுக் காட்டிடுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. அவங்க எந்திரிச்சாத்தான் லைன்மேன் வேலையை முடிக்க முடியும்."

வெற்றி பெற்றவனுக்கு ஊர்வலம் பிடிக்கும். ஹிக்காட் சாவியை எடுத்துக்கொண்டார்.

*

பன்னிரண்டுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. கிளைவ் வந்துவிட்டான், உதட்டோரம் பஸ்தீட்சியின் துகள் ஒட்டியிருந்தது. சென்சாவை நாற்காலியிலிருந்து எழுப்ப பெர்னிக்கு ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது: "உள்ள வாங்க, உங்க கடிகாரத்துகிட்ட ஒண்ணு கேட்கணும்." குழாயோடுதான் வருவேன் என்றாள் கிழவி. ஜன்னல் வழியாகக் குழாயும் சமையலறைக்குள் வந்தது.

ஹிக்காட் செல்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டார். சென்சா தன் குரலைத் தானே கேட்டாள். *ஆமா. ஆமா. ஆமா மகளே, சம்மதம்.* அவள் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. நேனு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லாததுதான் செஃபோவை வருத்தியது.

"என் குரல்தான்," என்றாள் சென்சா. "ஆனா நான் இதைச் சொல்லல."

"மனசு மாறிக்கப் பத்து வேலைநாள் கொடுத்தோம், நீங்க ஒண்ணும் சொல்லல. இதை இப்படியே விட்டுடலாம்," ஹிக்காட்டின் குரல் கனிந்தது. பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் வெளிவந்தன. "இதுல ஒரு கையெழுத்து. செப்டம்பர்ல சேர்ந்ததை உறுதி செய்றேன்னு. அவ்வளவுதான். போட்ட அஞ்சாவது நிமிஷம் உங்க வீட்டுக்காரரோட மிஷினை நானே பதிவு பண்ணித் தரேன். இவர் குறடைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவார். சாயங்காலம் ஐயா ஜம்முன்னு இருப்பார்."

கிளைவ் தரையைப் பார்த்தான். பேனா மேசையின்மேல் உருண்டு சென்சாவின் விரல் நுனியில் போய் நின்றது. அவள் கணவனைப் பார்த்தாள். அவருடைய கையில் இரத்தக் குழாய் புடைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். விரல்கள் பேனாவை எடுத்தன.

"சென்சா," என்றார் நேனு. "எனக்காகப் போடாதே."

"உங்களுக்காகப் போடாம வேற யாருக்காகப் போடுவேன்?"

"போட்டா நான் இவன் தயவுல மூச்சு விடணும். முப்பது வருஷம் முதலாளிங்களோட சண்டை போட்டு வாங்கின மூச்சு இது. இவனுக்குக் கொடுக்க மாட்டேன்."

சென்சா பேனாவைத் திரும்ப வைத்தாள். மெதுவாக, ஓசை எழாமல். "மனசு மாறிக்கப் பத்து நாள் கொடுத்தேன்னியே. மாறாத மனசை எப்படித் திருப்பி மாத்திக்கிறது, சொல்லு?"

ஹிக்காட் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கிளைவின் பக்கம் திரும்பினார். "வேலையைப் பாருங்க."

"ஒரு நிமிஷம்," என்றாள் பெர்னி. "மணி என்ன மிஸ்டர் ஹிக்காட்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு. ஏன்?"

மரக் கடிகாரம் செருமிக்கொண்டு அடிக்கத் தொடங்கியது. செஃபோ இந்தமுறை விரல்விட்டு, எல்லோருக்கும் தெரியும்படி, உரக்க எண்ணினான். ஏழாவது அடியோடு மணி நின்றது. எட்டாவது விரல் காற்றில் தனியாக நின்றது.

"ஏழு," என்றான் செஃபோ. "உங்க சாட்சிக்கு உடம்பு சரியில்ல போல."

ஹிக்காட்டின் பற்கள் முதன்முறையாக மறைந்தன.

"இந்தக் கடிகாரம் அஞ்சு மணி நேரம் பின்னால ஓடுது," என்றாள் பெர்னி. "வேணும்னேதான். காலையில பதினொரு மணிக்கு நீங்க போன் பண்ணியிருந்தா, பதிவுல ஆறு அடி கேட்டிருக்கும். உங்களுக்குப் பதினொண்ணு கேட்டுது. அதைக் கேட்டுத்தான் நேரத்தை எழுதினீங்க. இந்தக் கடிகாரம் பதினொண்ணு அடிக்கிறப்போ உண்மையான மணி நாலு. சாயங்காலம் நாலு."

"இப்பத் திருப்பி வெச்சிருக்கீங்க! செப்டம்பர்ல சரியாத்தான் ஓடியிருக்கும்."

பெர்னி குளிர்பெட்டிக் கதவிலிருந்து புகைப்படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நேனு முறைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் இரண்டு கடிகாரங்களும் தெளிவாகத் தெரிந்தன: பிளாஸ்டிக்கில் இரண்டு மணி பத்து நிமிடம், மரத்தில் ஒன்பது மணி பத்து நிமிடம். மூலையில் ஜூலை.

"செப்டம்பருக்கு முன்னாலயும் அஞ்சு மணி நேரம். இன்னைக்கும் அஞ்சு மணி நேரம். நடுவுல இதைத் தொட்டவன் எவனும் இல்ல."

"தொட்டா கை போயிடும்," என்று செஃபோ மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

"நேரத்தை யாரோ தப்பா எழுதிட்டாங்க, அவ்வளவுதானே?" ஹிக்காட் செல்பேசியை எடுக்கக் கையை நீட்டினார். செஃபோவின் உள்ளங்கை அதற்குமுன் செல்பேசியை மூடியிருந்தது. "நாலு மணின்னே வெச்சுக்கோங்க! அந்தம்மா சம்மதம்னு சொன்னது சொன்னதுதானே?"

"நாலு மணி..." சென்சா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நேனு, அந்தப் பொண்ணு! உடல்நலக் கணக்கெடுப்புன்னு ஒரு பொண்ணு போன் பண்ணலையா? நீங்க மிஷின்ல இருந்தப்போ. வீட்டுல மிஷின் இருக்கான்னு கேட்டா, ஆமான்னேன். பில் உங்க பேர்லயான்னு கேட்டா, ஆமான்னேன். விவரத்தை எழுதி வெச்சுக்கலாமா, சம்மதமான்னு கேட்டா. சம்மதம்னேன். கரண்டுன்னு ஒரு வார்த்தை பேசல அவ!"

"பதில் அவங்களோடது. கேள்வி மட்டும் அப்புறமா மாத்தி ஒட்டினது," என்றாள் பெர்னி. "மிஷின் ஓடுற வீட்டுல கரண்டு நிறையச் செலவாகும். விலை ஏறினாலும் அணைச்சு வைக்க முடியாது. அப்படி வீடா பார்த்துத்தானே தேடினீங்க?"

"கதை," என்றார் ஹிக்காட். "வெறும் கதை. அப்படி ஒரு போன் வந்ததுக்கு என்ன ஆதாரம்?"

நேனு சாய்வு நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். மதியத்துக்கான சோதனை ஓட்டத்தைத் தொடங்கும் பச்சைப் பொத்தானை, கதவு மணியை அழுத்துபவர்போல் நிதானமாக அழுத்தினார்.

இயந்திரம் விழித்தது. மூன்று பீப் ஒலிகள் எழுந்தன. மூன்றாவது பாதியிலேயே அறுந்தது.

செஃபோ நிமிர்ந்தான். லாரி! பின்னோக்கி வந்த லாரி! அவன் செல்பேசியைத் திருப்பிப் பதிவைக் கடைசிக் கேள்விக்குக் கொண்டுபோனான். *மாறுவதற்குச் சம்மதமா?* பீப், பீப், பீ—. சமையலறையில் இயந்திரம் இன்னொரு முறை கூவியது. பீப், பீப், பீ—. ஒரே தொண்டை, ஒரே இருமல்.

"வாங்கின நாள்லேருந்து மூணாவது சத்தம் முழுசா வராது," என்றார் நேனு. "செவிலி மாத்தித் தரேன்னா. நான்தான் வேணாம்னேன். எனக்கு அது பிடிக்கும்."

பெர்னி கிளைவைப் பார்த்தாள். "இந்த வீட்டுல மிஷினே இல்லன்னு உங்களை அனுப்பின கம்பெனியோட சொந்தப் பதிவுல, அதே மிஷின் பேசுது. இது ஓடுறப்போ வந்தது அந்தக் கணக்கெடுப்பு போன்தான். ஒப்புதல் இல்லாத மாற்றம் மாற்றமே இல்ல. இவங்க பழைய கம்பெனியை விட்டு ஒரு நாளும் விலகல. அங்க மிஷின் பதிவு இருக்கு. பதிவு இருக்குற வீட்டுல—"

"கை வைக்கக் கூடாது. எனக்கே விதி சொல்றீங்களாம்மா?" கிளைவ் ஏற்கெனவே தன் அலுவலகத்தை அழைத்துவிட்டிருந்தான். "கிளைவ் பேசறேன். இந்த உத்தரவைத் திருப்பி எடுத்துக்கோங்க... இல்ல, மீன் தொட்டி இல்ல. நான் என் காதால கேட்டேன். இப்பவும் கேட்குது, இதோ." செல்பேசியை இயந்திரத்துக்கு நேராகப் பிடித்தான். "வேற ஆளை அனுப்புவீங்களா? அனுப்புங்க. அவனும் இதைக் கேட்டுட்டுப் போகட்டும்."

குறடு பைக்குள் போனது. பையின் வாய் மூடியது.

ஹிக்காட் கதவை நோக்கி நகர்ந்தார். செல்பேசி செஃபோவின் உள்ளங்கையிலேயே இருந்தது. "என் போனைக் கொடுங்க."

"கொடுக்கறோம். முதல்ல இந்தப் பதிவோட ஒரு பிரதி. கேட்டா கொடுக்கணும்ங்கிறது விதி," என்றாள் பெர்னி. "அப்புறம் உங்க கணக்கெடுப்புப் பொண்ணு இந்தத் தெருவுல வேற எந்தெந்த வீட்டுக்கு போன் பண்ணினாங்கன்னு யோசிச்சு வைங்க. ஒவ்வொரு வீட்டுக் கடிகாரத்தையும் நான் பார்க்கப் போறேன்."

பிரதியை எடுத்துக்கொண்டு செஃபோ செல்பேசியைத் திருப்பித் தந்தான். வெள்ளைக் காலணிகள் வாசற்படியைத் தாண்டிய அதே கணத்தில், சமையலறை ஜன்னலிலிருந்து தண்ணீர் பீறிட்டது. மேலிருந்து கீழ்வரை, ஓர் இடம் விடாமல். வேலிக்கு அப்பாலிருந்து வியட்நாமிய அண்டை வீட்டார் கை தட்டினார்.

"குழாய் கை நழுவிடுச்சு," என்றாள் சென்சா.

"நான் பார்த்தேன். நழுவினதுதான்," என்று கிளைவ் சாட்சி சொன்னான். அவனுக்காக அவள் அடுப்பில் வைத்திருந்த பஸ்தீட்சியை எடுத்தபோது, இரண்டாவது சாப்பாடு என்ற கூச்சம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நேனுவின் கையில் ஊசி ஏறியது. சிவப்புக் கோடு குழாயில் மெல்ல நகர்ந்து இயந்திரத்துக்குள் போனது. அவர் கண்களை மூடிக்கொண்டு, அறுந்த மூன்றாவது ஒலியைப் பிடித்த பாட்டைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மகனே, நீ உயரமா இருக்க. இங்க வா," என்று சென்சா சுவரைக் காட்டினாள். "அந்த மரக் கடிகாரத்தோட முள்ளை நகர்த்து."

செஃபோ மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "காலையில தொட்டதுக்கு அடிச்சீங்களேம்மா?"

"காலையில அந்தப் பிசாசுக்கு இது தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு." அவள் வாசலில் உலர்ந்துகொண்டிருந்த வெள்ளைக் காலணித் தடங்களைப் பார்த்தாள். "நல்லா நகர்த்து. திரும்பவும் வந்தா, திரும்பவும் ஏமாறட்டும்."